பெயர்வழி அறியப்படும் சமய மாற்றம்: புல்லியட்டின் முறையியல் குறித்த ஒரு மதிப்பீடு

இஸ்லாத்தின் தொடக்ககால வரலாற்றைக் கூறும் நூல்கள் பலவற்றில் அம்புக்குறிகள் இட்ட நிலப்படம் ஒன்று தவறாது இடம்பெறும். கி.பி. 632இல் நபிகள் நாயகம் மறைந்தபோது அரபுத் தீவக்குறை, 636இல் யர்மூக் போருக்குப் பின் சிரியா, 642க்குள் எகிப்து, 651இல் கடைசி சாசானிய மன்னர் மூன்றாம் யஸ்தகிர்து மெர்வில் கொல்லப்பட்டதும் ஈரான், 711இல் ஒரு பக்கம் ஸ்பெயின், மறுபக்கம் சிந்து. படம் காட்டுவது ஆட்சி பரவிய வேகத்தை. ஆனால் அதன் கீழ் எழுதப்படும் தலைப்போ ‘இஸ்லாம் பரவுதல்’ என்பதாகும். ஆட்சி, சமயம், மொழி என்னும் மூன்றும் வெவ்வேறு காலக்கணக்கில் இயங்கியவை. அவற்றை ஒரு வினைச்சொல்லுக்குள் அடக்கியதன் விளைவாகவே, வாள்முனையில் மக்கள் மாற்றப்பட்டனர் என்ற கூற்றும், சமத்துவக் கொள்கையைக் கேட்ட மாத்திரத்தில் மக்கள் திரண்டு வந்தனர் என்ற கூற்றும் நம் நூல்களில் அடுத்தடுத்துக் காணப்படுகின்றன. ஒன்றையொன்று மறுப்பனபோல் தோன்றும் இவ்விரண்டும், மாற்றம் விரைவாக நிகழ்ந்தது என்னும் ஒரே பிழையான எடுகோளின் மீதே நிற்கின்றன.

இவ்வெடுகோளை வலுவாக அசைத்த நூல், அமெரிக்க வரலாற்றறிஞர் ரிச்சர்டு புல்லியட் 1979இல் வெளியிட்ட, இடைக்கால இஸ்லாமிய சமய மாற்றம் பற்றிய ஆய்வாகும். அதன் சான்றுமூலம் பெயர் என்பதால் மொழியாய்வாளர் அதனைச் சற்று நெருங்கி நோக்குதல் தகும்.

இடைக்கால இஸ்லாமிய நகரங்களில் கற்றறிந்தோரின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டிய பெருந்தொகை நூல்கள் இருந்தன. அவற்றில் ஒருவரின் பெயரோடு தந்தை, பாட்டன், முப்பாட்டன் எனக் கால்வழியும் தரப்படும். ஈரானியக் கால்வழி ஒன்றைப் பின்னோக்கிப் படித்துச் சென்றால் அரபுப் பெயர்கள் முடிந்து பாரசீகப் பெயர் தோன்றும் ஓர் இடம் வரும். அவ்விடமே அக்குடும்பம் சமயம் மாறிய தலைமுறை எனப் புல்லியட் கொள்கிறார். தலைமுறைக்கு இத்தனை ஆண்டு எனக் கணித்து, கிடைத்த கால்வழிகளை வரைபடத்தில் இட்டபோது, முதலில் மெல்ல ஏறி, நடுவில் விரைந்து, இறுதியில் தளர்ந்து படியும் ஒரு வளைகோடு அவருக்குக் கிடைத்தது. அதன்படி, உமையா ஆட்சி வீழ்ந்த 750ஆம் ஆண்டளவில் ஈரானில் மாறியோர் பத்தில் ஒரு பங்கினருக்கும் குறைவு. வளைகோடு பாதியைக் கடப்பது ஒன்பதாம் நூற்றாண்டில்தான். படையெடுப்புக்கும் சமய மாற்றத்துக்கும் இடையே ஐந்தாறு தலைமுறைகள் உள்ளன. இது எளிய கண்டுபிடிப்பன்று.

எனினும் இதனை எடுத்தாள்வோர் பலர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். புல்லியட்டின் விழுக்காடு மொத்த மக்கள்தொகையின் விழுக்காடு அன்று. இறுதியில் மாறியோருள் இன்ன காலத்துக்குள் மாறியோர் எத்தனை பங்கு என்பதே அது. இவ்வேறுபாட்டை விட்டுவிட்டு ‘ஈரானியரில் பாதிப்பேர்’ என எழுதுவது ஆசிரியர் கூறாததை அவர் வாயில் இடுவதாகும்.

இனி முறையியலுக்கு வருவோம். நபிமொழித் தொகுப்பாளர் புகாரியின் (810–870) கால்வழி பலரும் அறிந்தது: முஹம்மது, இஸ்மாயீல், இப்ராஹீம், முகீரா, பர்திஸ்பா. இறுதியில் நிற்கும் பர்திஸ்பா சரதுஸ்திர சமயத்தவர். அவர் மகன் முகீராவே இஸ்லாத்தைத் தழுவியவர். பெயர் மாறும் இடமும் சமயம் மாறிய இடமும் இங்குப் பொருந்துகின்றன. ஆயின் மாறியவர் தம் பழைய பெயரையே வைத்துக்கொண்டு மகனுக்கு மட்டும் அரபுப் பெயர் இட்ட குடும்பங்களும் இருந்திருக்கக்கூடும். அங்ஙனமாயின் கணக்கு ஒரு தலைமுறை பிறழும். வளைகோடு முழுதும் இடம்பெயரும். புகாரியின் கால்வழி வேறொன்றையும் காட்டுகிறது. முகீராவை இஸ்லாத்தில் சேர்த்த ஆளுநர் ஜுஅஃபி என்னும் அரபுக் குலத்தவர். அதனால் அக்குலப்பெயர் புகாரியின் குடும்பத்துக்கும் ஒட்டிக்கொண்டது. தொடக்க காலத்தில் சமயம் மாறுதல் என்பது ஓர் அரபுக் குலத்தின் சார்பாளராக ஆதலும் ஆகும். பெயர் உரைப்பது நம்பிக்கையை மட்டுமன்று, ஒருவர் யாருடைய புரப்பில் வாழ்ந்தார் என்பதையும்தான்.

வளைகோட்டின் கோட்பாட்டு அடிப்படையும் ஐயத்துக்குரியது. புதுமைகள் பரவும் முறை பற்றிய சமூகவியல் கோட்பாட்டைப் புல்லியட் கைக்கொள்கிறார். அக்கோட்பாட்டை வளர்த்த ஆய்வுகளுள் ஒன்று, அயோவா மாநில உழவர் கலப்பின மக்காச்சோள விதையை ஏற்றது பற்றியது. விதை பிடிக்கவில்லையெனில் அடுத்த பருவத்தில் மாற்றிக்கொள்ளலாம். இஸ்லாத்தை ஏற்றவர் அதனை விட்டு நீங்குதல் சட்டப்படி இயலாது. வரியும் குறுக்கிட்டது. எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ், சமயம் மாறி நகரங்களுக்கு வந்த உழவர்களைத் திரும்ப ஊருக்கு அனுப்பினார். 717இல் பட்டமேறிய இரண்டாம் உமரோ மாறியோரிடம் தலைவரி பெறலாகாது என ஆணையிட்டார். அரசே மாற்றத்தை ஒருகால் தடுத்தும் ஒருகால் தளர்த்தியும் நின்ற இச்சூழலை வழுவழுப்பான கோடு ஒன்று எங்ஙனம் காட்டும்?

ஈரானுக்கு வெளியே இம்முறை மேலும் தளர்கிறது. ஈரானில் மக்கள் சமயம் மாறினும் பாரசீக மொழி நின்றது. ஆகவே பெயர் மாற்றம் தெளிவாகத் தெரிகிறது. எகிப்தில் நிலை வேறு. கி.பி. 643ஆம் ஆண்டுக்குரிய, கிரேக்கமும் அரபும் ஒருங்கே எழுதப்பட்ட பாப்பிரசுத் தாள் ஒன்று அங்குக் கிடைத்துள்ளது. அரபு வந்த நாள்முதல் பழைய மொழிகளோடு உடனுறைந்தது. பின்னர் அது கோப்து மொழியையே மெல்ல ஒதுக்கியது. பத்தாம் நூற்றாண்டில் அஷ்மூனைன் ஆயராக இருந்த செவேரசு இப்னுல் முகஃப்பா கிறித்தவ இறையியலை அரபு மொழியில் எழுதினார். அவருடைய தந்தைவழிப் பெயர் அரபு, சமயமோ கிறித்தவம். மொழி மாறியது, சமயம் மாறவில்லை. பெயரை வைத்துச் சமயத்தைக் கணிக்கும் முறைக்கு இவ்வோர் ஆயர் போதிய மறுப்பாவார். புல்லியட் இத்தகைய நாடுகளுக்கு முஹம்மது, அஹ்மது, அலி, ஹசன், ஹுசைன் என்னும் ஐந்து பெயர்களின் பெருக்கத்தை அளவுகோலாகக் கொண்டார். அது முஸ்லிம்களுக்குள் நேர்ந்த பெயர்ச்சுவை மாற்றத்தைக் காட்டலாம். முஸ்லிம் அல்லாதார் முஸ்லிமானதைக் காட்டுமா என்பது ஐயமே.

பெயர்களை எண்ணி வரலாறு காணும் முயற்சி நமக்குப் புதிதன்று. நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி ஆகியோர் 1978இல் வெளியிட்ட சோழர் கல்வெட்டுப் பெயரடைவு, உடையான், மூவேந்தவேளான் போன்ற பின்னொட்டுகள் காலத்தாலும் இடத்தாலும் பரவிய விதத்தை ஆராய வழிசெய்தது. கல்வெட்டில் பெயர் பெறுவோர் பெரும்பாலும் நிலமும் கொடையும் உடையோர். கற்றோர் தொகைநூலில் பெயர் பெறுவோர் நகரத்துக் கற்றோர். இரண்டிலும் சிற்றூர் உழவரையும் பெண்டிரையும் காண்பது அரிது. நிஷாப்பூர் அறிஞர் குடிகளுக்குப் பொருந்தும் காலக்கணக்கை நைல் கழிமுகத்து வேளாளர் மீது ஏற்றுதல் கூடாது. அவ்வேளாளர் 831–832இல் பஷ்மூர் சதுப்பு நிலங்களில் வரிக்கொடுமையை எதிர்த்துக் கிளர்ந்தபோது, கலீபா மாமூன் தாமே எகிப்துக்கு வரவேண்டியதாயிற்று.

அத்தகையோரின் பெயர்கள் அறவே அழிந்துவிடவில்லை. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் குர்ரா இப்னு ஷரீக்கின் காலத்தைச் சேர்ந்த அஃப்ரொதித்தோ ஊர்ப் பாப்பிரசுகளில் கிரேக்கத்திலும் கோப்து மொழியிலும் அரபிலும் எழுதிய மடல்களும் வரிப்பதிவுகளும் உள்ளன. அவ்வரிப்பதிவுகளில் ஊரார் பெயர்பெயராகக் குறிக்கப்பட்டுள்ளனர். புல்லியட்டின் வினாவை அத்தாள்களிடம் கேட்க வேண்டும்.