பழைய வீட்டின் சுண்ணாம்புச் சுவர்

பல்லாண்டுகள் பூட்டிக்கிடந்த செட்டிநாட்டு வீடொன்றைக் குடும்பம் வாழ்வதற்காக வாங்குவோர் முதலில் காண்பது வௌவால் எச்சமும் ஓட்டுக்கூரையின் ஒழுக்குமே ஆயினும், பிற்காலப் பெயின்ட் அடுக்குகளுக்கு அடியில் மறைந்திருக்கும் சுண்ணாம்புப் பூச்சே அவ்வீட்டின் அரிய செல்வமாகும். ஊறவைத்த சுண்ணாம்பை மாவாக அரைத்து, முட்டை வெண்கருவுடன் குழைத்து, மெல்லிய அடுக்காகப் பூசி, ஈரம் வற்றுமுன் தேய்த்து மெருகேற்றிய அப்பரப்பில் உள்ளங்கையை வைத்தால், கோடை நண்பகலிலும் குளுமை தெரியும்.

பழுதுபார்க்கும் கொத்தனார் விரல்முட்டியால் சுவரைத் தட்டி, கெட்டியாக ஒலிக்கும் இடத்தை விட்டுவிட்டு, பொக்காக ஒலிக்கும் இடத்தை, அதாவது பூச்சு செங்கல்லைவிட்டுப் பிரிந்த பகுதியை மட்டும், பெயர்த்தெடுக்கிறார். சிமென்ட் பூசினால் சுவரின் ஈரம் வெளியேற வழியின்றித் தங்கும் என்பதால், சுண்ணாம்பையே மீண்டும் பூசி, அது இறுகும்வரை பொறுத்திருக்கிறார். பழையதும் புதியதும் சேரும் விளிம்பை விரலால் தடவித் தேட வேண்டியிருப்பதே அக்கைத்திறனுக்குப் போதிய சான்று.