கேட்டு நடப்பவர்க்கு மட்டுமான விதி

1994ஆம் ஆண்டில், இணைப்புகளைத் தொடர்ந்து பக்கம் பக்கமாகத் தாமே படித்துச் செல்லும் நிரல்கள், அக்காலத்துச் சிறு சர்வர்களின்மேல் ஓயாது கோரிக்கைகளைக் கொட்டி அவற்றை ஸ்தம்பிக்கச் செய்தன. அந்த உபத்திரவத்துக்குப் பரிகாரமாக மார்ட்டைன் கோஸ்டர் என்னும் டச்சு மென்பொறியாளர் முன்மொழிந்த உபாயமே ரோபோட்ஸ்.டெக்ஸ்ட் என்னும் கோப்பு. எந்த நிரல் தளத்தின் எந்தப் பகுதிக்குள் வரலாகாது என்பதைத் தளத்துக்கு உரியவர் அதில் இரண்டொரு வரிகளில் எழுதி வைப்பார். வரும் நிரல் முதலில் அதைப் படித்து, அதன்படி ஒழுக வேண்டும். சம்மதத்தின் பலம் ஒன்றையே ஆதாரமாகக் கொண்டு 28 ஆண்டுகள் நடந்துவந்த இவ்வழக்கத்தை, 2022 செப்டம்பரில்தான் இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். அமைப்பு ஆர்.எஃப்.சி. 9309 என்னும் ஆவணமாக வகுத்து வெளியிட்டது.

இக்கோப்பின் குணங்களில் தலையாயது எளிமை. சாதாரண எழுத்துக் கோப்பொன்றை உண்டாக்கத் தெரிந்த எவரும் இதை எழுதிவிடலாம். விலைவாரியாகவும் நிறவாரியாகவும் சரக்குகளை மாற்றி மாற்றி அடுக்கிக் காட்டும் விற்பனைத் தளம் ஒன்றில் ஒரே பண்டத்துக்கு எண்ணிறந்த முகவரிகள் முளைக்கும்போது, அவற்றில் நிரல்கள் வீணே அலையாமல் தடுக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. கோப்பே இல்லாவிட்டால் எங்கும் செல்லலாம் என்றும், சர்வர் பழுதுபட்டுக் கோப்பை எட்ட இயலாவிட்டால் எங்கும் செல்லலாகாது என்றும் விதித்திருப்பது, பிறர் நலம் கருதும் விவேகமேயாகும்.

ஆயினும் அந்த எளிமையே சில வேளை விபரீதமாகிறது. தடையைக் குறிக்கும் ‘டிஸ்அலவ்’ என்னும் சொல்லை எழுதி, முக்காற்புள்ளி இட்டு, அதன்பின் வெற்றிடமாக விட்டால் தளம் முழுவதும் திறந்திருக்கிறது. அவ்விடத்தில் ஒரு சாய்கோட்டை இட்டுவிட்டாலோ தளம் முழுவதும் அடைபட்டுப் போகிறது. சோதனைத் தளத்துக்கென எழுதிய அந்தச் சாய்கோடு, வெளியீட்டு நாளில் உண்மைத் தளத்துக்கும் கூடவே வந்துவிடுவது இத்தொழிலில் பலரும் அறிந்த விபத்து.

இதனினும் பெரிய குறை, படிப்பதைத் தடுப்பதும் தேடுபொறியின் பட்டியலில் சேர்ப்பதைத் தடுப்பதும் ஒன்றே என்னும் மயக்கம். பிற தளங்கள் ஒரு பக்கத்தைச் சுட்டுமானால், அதன் உள்ளடக்கத்தைப் படிக்காமலே, முகவரியை மட்டும் கூகுள் தேடல் முடிவுகளில் காட்டக்கூடும். பட்டியலிலிருந்து விலக்குவதற்குரிய ‘நோஇண்டெக்ஸ்’ குறிப்பைப் பக்கத்துக்குள் இட வேண்டும். கோப்பில் தடையும் பக்கத்தில் குறிப்பும் ஆக இரண்டையும் வைப்பவரோ, குறிப்பைக் காணும் வழியைத் தாமே அடைத்துவிடுகிறார். இரகசியப் பக்கங்களை இக்கோப்பில் குறிப்பதும் பேதைமையே. யாவரும் திறந்து படிக்கக்கூடிய இது, தீயோர்க்கு வழிகாட்டும் பலகையாகிவிடும்.

தேடுபொறிகள் இதற்குப் பணிந்தது தர்மத்தினால் மட்டுமன்று. பக்கத்தை எடுத்துச் சென்ற தேடுபொறி பதிலுக்கு வாசகரை அனுப்பியது. அந்தப் பரஸ்பர லாபமே கீழ்ப்படிதலுக்கு உரமாயிற்று. செயற்கை நுண்ணறிவின் மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்க எழுத்தைச் சேகரிக்கும் நிறுவனங்களிடம் அந்தக் கைம்மாறு தேய்ந்துபோகிறது. 2023இல் ஓப்பன்ஏஐ தன் ஜிபிடிபாட் நிரலுக்கும், கூகுள் தன் பயிற்சி உபயோகத்துக்கும் தனிப்பெயர்களை அறிவித்துத் தடுக்க வழிசெய்தன. ஆனால் பெயரை அறிவிக்காதவனையும், அறிவித்த பின் மீறுகிறவனையும் இக்கோப்பு என்ன செய்யும்? இவ்விதிகள் நுழைவு அனுமதியை நிர்ணயிப்பன அல்ல என்று ஆர்.எஃப்.சி. 9309 ஆவணமே ஒப்புக்கொள்கிறது.

அதற்காக இந்த ஏற்பாட்டைத் தள்ள வேண்டியதில்லை. தகுதிக்கு மீறி நம்பாதிருந்தால் போதும். சர்வரின் பாரத்தைக் குறைக்க இக்கோப்பும், பட்டியலிலிருந்து நீங்க நோஇண்டெக்ஸும், மறைத்து வைக்கக் கடவுச்சொல்லும் என ஒவ்வொன்றையும் அதனதன் காரியத்துக்கே பயன்படுத்துக. எடுப்பவர்க்கும் கொடுப்பவர்க்கும் இடையிலான நியாயத்தை நிலைநாட்டுவது சட்டத்தின் கடமை; அதை ஒரு வேண்டுகோளின் தலையில் சுமத்துவது முறையன்று.