நீரா, சதையா?

பளைத் தென்னந்தோட்டக்காரர் இளநீரைத் தட்டிப் பார்த்தே உள்ளே வெறும் தண்ணியா, வழுக்கையும் உண்டா என்று சொல்லிவிடுவார்கள். சிறுநீரகத்தில் கட்டி ஒன்று தென்பட்டால் ஸ்கான் பார்க்கும் வைத்தியரின் முதல் கேள்வியும் அந்த மாதிரித்தான்: உள்ளே நீரா, சதையா?

ஜெல்லைத் தடவிவிட்டு, "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ அம்மா" என்பார். விலா எலும்புக்குப் பின்னால் ஒளிந்திருந்த சிறுநீரகம் அந்த மூச்சோடு கீழிறங்கித் திரைக்கு வரும். நீர்ப்பை என்றால் முழுக் கறுப்பு, மெல்லிய ஓரம். நீர் ஒலியை அதிகம் உறிஞ்சாததால் அதற்குப் பின்னால் உள்ள இடம் பளிச்சென்று வெளுக்கும். கட்டியை மட்டுமல்ல, அதன் முதுகுப்புறத்தையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் இந்த நுட்பம்தான் எனக்குப் பிடித்தது. வயது போனவர்களுக்கு இப்படிப் பைகள் வருவது சாதாரணம், பெரும்பாலும் பயமில்லை.

சாம்பல் நிறமாய்த் தெரிந்தால் சி.டி. வேண்டும், ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போகலாம். சி.டி. அளவில் நீர் 0, காற்று −1000. சாயமருந்து ஏற்றியபின் கட்டியின் எண் 20க்கு மேல் கூடினால் அங்கே இரத்தம் ஓடுகிறது; புற்றுநோயை நினைக்கத்தான் வேண்டும். கொழுப்பு இருந்து எண் பூச்சியத்துக்கு நன்றாகக் கீழே இறங்கினால் அநேகமாகத் தீங்கற்றது. இடைப்பட்ட நீர்ப்பைகளுக்கு, சுவரின் தடிப்பையும் உட்தடுப்புகளையும் பார்த்து 1986இல் பொஸ்னியாக் என்பவர் வகுத்த தரவரிசை 2019இல் திருத்தப்பட்டு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

சிலவேளை கட்டிபோலத் தெரிவது சிறுநீரகத்தின் சொந்தச் சதையே, உள்ளே துருத்திக்கொண்டு நிற்பது. கலர் டொப்ளரில் இரத்தக்குழாய்கள் குலையாமல் ஓடுவதைக் கண்டு, "ஒன்றுமில்லை" என்று எழுதுவதற்கும் பழகிய கண் வேண்டும்.