நாச்சியாருக்கு ரொட்டி

ஸ்ரீரங்கம் கோயிலில் துலுக்க நாச்சியாருக்குச் சிலை கிடையாது, சுவரில் ஓவியம்தான். அரங்கன் மேல் காதல் கொண்டு டெல்லியிலிருந்து வந்த சுல்தான் மகள் என்பது கோயில் கதை. அவளுக்காகப் பெருமாளுக்கு ரொட்டியும் வெண்ணெயும் அமுதாகின்றன. சில நாட்களில் நம்பெருமாள் கைலியும் கட்டிக்கொள்கிறார். அக்காரவடிசல் ஆளும் மடைப்பள்ளியில் கோதுமை நுழைந்தது சின்ன விஷயமில்லை. வந்தாரை வாழவைக்கும் ஊர் என்று திருச்சி மேடைகளில் பேசுகிறவர்களுக்குக் கைவசம் உள்ள முதல் சான்று இதுதான்.

கதையின் மறுபாதியை அவர்கள் சொல்வதில்லை. உயிரை விட்ட பிறகே அவளுக்குச் சுவரில் இடம் கிடைத்தது. இன்றும் இந்து அல்லாதவர் உள்பிராகாரங்களுக்குள் போக முடியாது. ரொட்டிக்குத் திறந்த கதவு ரொட்டி சுடுகிறவருக்குத் திறக்கவில்லை.

திருச்சியை அடுத்த கண்ணனூரில் அமர்ந்து ஆண்ட போசளர் கன்னடக்காரர்கள். நாயக்கர்கள் தெலுங்கர்கள், விஜயரங்க சொக்கநாதர் குடும்பத்தோடு கோயிலிலேயே சிலையாக நிற்கிறார். வாளோடும் கொடையோடும் வந்தவர்களை வைத்து ஊரின் தாராளத்தை அளப்பது நியாயமில்லை. ஆனால் அவர்கள் பின்னால் வந்த சாதாரணக் குடும்பங்களைக் கவனிக்க வேண்டும். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ். முழுதாகக் கரையவும் இல்லை, ஒதுங்கவும் இல்லை. முக்கியமாக, யாரும் அவர்களிடம் காகிதம் கேட்கவில்லை.

காகிதம் கேட்கப்பட்ட இடம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது: இலங்கைத் தமிழ் அகதிகளுக்கான கொட்டப்பட்டு முகாம். மொழி ஒன்று, முருகன் ஒன்று, இருந்தும் தனி. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள். 2021-இல் பெயர் மட்டும் ‘மறுவாழ்வு முகாம்’ ஆனது.

முகாமை ஒரேயடியாகப் பழிக்க முடியாது. உயிருக்குத் தப்பி வந்தவர்களுக்குக் கூரை, அரிசி, மாதப் பணம், பள்ளிக்கூடம் எல்லாம் அது கொடுத்தது. உறவுகளைச் சிதறவிடாமல் வைத்தது. பேரப்பிள்ளைகள் வீட்டில் இன்னும் ‘கதைக்கிறார்கள்’. டொராண்டோவில் பல வீடுகளில் இதே வயதுப் பிள்ளைகள் தாத்தாவுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார்கள். பண்பாட்டைக் காப்பது மட்டுமே கணக்கென்றால் முகாமுக்குத்தான் வெற்றி.

என்ன விலைக்கு என்பதுதான் கேள்வி. அரசு வேலைக்கு விண்ணப்பிக்க முடியாததால் பட்டம் வாங்கியவரும் பெயின்ட் வேலைக்குப் போகிறார். தலைக்கணக்கெடுப்பு நாளில் வெளியூரில் இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டும். இத்தனைக்கும் இவர்களில் பலர், தேயிலைத் தோட்டத்துக்கு இங்கிருந்தே போனவர்களின் வாரிசுகள். வந்தேறிகள் என்பதைவிடத் திரும்பி வந்தவர்கள். கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்வாசிகள் தொடுத்த வழக்கில் 2019 ஜூனில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை இதைக் கருத்தில் கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது; இலங்கை அதில் இல்லை.

1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 இலங்கைத் தமிழரை மீனவர்கள் மீட்டார்கள். கனடா அவர்களைத் தங்கவிட்டு, வேலை செய்யவும் விட்டது. அங்கு போன தமிழர் கனேடியரும் ஆனார்கள், கோயிலும் கட்டினார்கள். 2016-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. தனி அடையாளம் குடியுரிமைக்குக் குறுக்கே நிற்கவில்லை. கலப்பதா, ஒதுங்குவதா என்று பண்பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். பதில் வட்டாட்சியர் அலுவலகக் கோப்பில் கிடக்கிறது.

அதே 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண், நீதிமன்றம் போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 ஏப்ரல் 19 அன்று கொட்டப்பட்டிலிருந்து வாக்களித்தார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமக்கள் என்ற விதி அவருக்குக் கைகொடுத்தது. 1987 ஆகஸ்டில் பக்கத்துக் குடிசையில் பிறந்த பிள்ளைக்கு அது கிடைக்கப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும்.