முப்பத்திரண்டு போர் ரிவால்வர்: மூன்றில் எது?

துப்பாக்கி உரிமம் பெற்றவருக்கு இந்தியாவில் ரிவால்வர் வாங்கும் களம் மிகச் சிறியது. .38, .455, 9 மி.மீ. ஆகியவை தடை செய்யப்பட்ட போர் (குழல் துளை அளவு) வரிசையில் வருகின்றன. சாதாரண உரிமதாரர் வெளிநாட்டு ரிவால்வரை இறக்குமதி செய்யும் வழி 1980-களின் நடுவிலேயே அடைபட்டுவிட்டது. பெரும்பாலும் எஞ்சியிருப்பது உள்நாட்டில் செய்யப்படும் .32 போர் ரிவால்வர்தான். 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டன. அதனால் தேர்வில் அவசரம் கூடாது.

அரசுத் தொழிற்சாலைகளின் மூன்று மாடல்களைக் கையில் எடுத்துப் பார்த்த அனுபவத்தில் இதை எழுதுகிறேன்: பழைய மார்க்-3, நிர்பீக், பிரபல்.

முதலில் தோட்டாவைப் பற்றி. மூன்றும் சுடுவது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங் என்ற 19-ஆம் நூற்றாண்டுத் தோட்டா. இதன் ஆற்றல் 9 மி.மீ. தோட்டாவின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். இதைக் குறையாகச் சொல்பவர்கள் நிறைய. எனக்கு உடன்பாடில்லை. உதை குறைவு என்பதால் புதியவருக்கும் இரண்டாவது குண்டு குறி தப்பாது. 25 மீட்டர் சென்டர் ஃபயர் பிரிவில், 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் துப்பாக்கி சுடும் வீரர் ஜஸ்பால் ராணா தங்கம் வென்றாரே, அந்தப் பிரிவில் உலகெங்கும் வீரர்களிடம் பரவலாகப் புழங்குவது இந்தத் தோட்டாதான். துல்லியத்துக்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிஸ்டலுக்கான .32 ஏ.சி.பி. தோட்டா வேறு. அஷானி பிஸ்டல் சுடுவது அதைத்தான். பேச்சுவழக்கில் இரண்டுமே 'முப்பத்திரண்டு'. பிஸ்டல் தோட்டா ரிவால்வர் அறைக்குள் நுழைந்தும் விடும். ஆனால் அதன் அழுத்தம் அதிகம். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை முழுதாகப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

மார்க்-3, பிரிட்டிஷாரின் வெப்லி மார்க்-4 வழியில் வந்தது; கான்பூர் சிறு ஆயுதத் தொழிற்சாலையின் நெடுநாள் தயாரிப்பு. இடப்பக்க நெம்புகோலை அழுத்தினால் குழல் முன்பக்கம் மடங்கும். ஆறு காலி உறைகளும் ஒரே மூச்சில் வெளியே வரும். அந்த வசதி அருமையானது. ஆனால் துப்பாக்கி நடுவில் பிளந்து திறப்பதால், சுடும்போது எழும் அழுத்தத்தின் பெரும்பகுதியை மேலே இருக்கும் ஒரு சிறிய பூட்டுதான் தாங்குகிறது. ஆண்டுக்கணக்கில் சுட்டால் எந்த மடக்குத் துப்பாக்கியிலும் அந்தப் பூட்டு தேயும். பழையதை வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

நிர்பீக் 2014 ஜனவரியில் கான்பூர் பீல்டு கன் தொழிற்சாலையிலிருந்து வந்தது. டில்லியில் 2012-இல் ஓர் இளம்பெண்ணுக்கு நடந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பிறகு பெண்களுக்கான ரிவால்வர் என்று அறிவித்தார்கள். எடை அரைக் கிலோ, டைட்டானியம் கலவை, அறிமுக விலை சுமார் 1.22 லட்சம் ரூபாய், நகைப்பெட்டி போன்ற மெரூன் நிறப் பெட்டி. அந்த விளம்பரத்தில் எனக்கு வருத்தமே மிச்சம். பெண்ணின் கைக்குத் தேவை பெட்டி அல்ல. விரல் எட்டும் தொலைவில் விசையும், இழுக்கத் தோதான எடையும்தான். எடை குறைந்ததும் கைப்பையில் சுமப்பது எளிதாகிறது, உண்மைதான். ஆனால் இரட்டை இயக்கத்தில், அதாவது ஹாமரை முன்கூட்டி இழுக்காமல் விசையை மட்டும் இழுத்துச் சுடும்போது, இலேசான துப்பாக்கி கையில் ஆடுகிறது. இந்தத் தோட்டாவுக்கு 700 கிராம் எடையே சுமையில்லை. இருநூறு கிராமைக் குறைக்க அவ்வளவு பணம் கொடுக்க நான் சொல்ல மாட்டேன்.

பிரபல், 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியானது. ஆயுதத் தொழிற்சாலை வாரியம் 2021-இல் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபின் கான்பூரில் உருவான ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற நிறுவனம் தயாரிக்கிறது. தோட்டா இல்லாமல் 675 கிராம், குழல் நீளம் 76 மி.மீ. இதில் குழல் மடங்காது. சிலிண்டர் பக்கவாட்டில் வெளியே வரும். உலகின் பிற நாடுகளில் நூறாண்டுக்கு மேலாகப் புழங்கும் அமைப்பு நம் தொழிற்சாலைக்கு இப்போதுதான் வந்திருக்கிறது. சட்டகம் ஒரே துண்டாக இருப்பதால் பூட்டுத் தேயும் கவலை இல்லை. கையில் பிடித்தால் எடை நடுவில் உட்காருகிறது. ஆள்காட்டி விரல் விசைமேல் தானாகப் படிகிறது. 50 மீட்டர் வரை சுடலாம் என்பது விளம்பரத்தின் முதல் வரி. அதை நம்பி வாங்காதீர்கள். 76 மி.மீ. குழலில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே உள்ள தூரம் மிகக் குறைவு. அவ்வளவு தொலைவில் நிற்கும் இலக்கைத் தொட நல்ல வீரரே திணறுவார். தற்காப்பு என்பது ஒரு அறையின் நீளத்துக்குள் முடிந்துவிடும் விஷயம்.

எந்த மாடலானாலும் கடையில் சோதிக்காமல் வாங்கக் கூடாது. காலியாக இருப்பதைக் கடைக்காரரும் நீங்களும் தனித்தனியே பாருங்கள். குழலை ஆளில்லாத பக்கம் திருப்பி, அனுமதி கேட்டு, ஹாமரை மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுங்கள். ஹாமர் நிற்பதற்குள் சிலிண்டர் 'க்ளிக்' என்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் தனித்தனியே பாருங்கள். பிந்திப் பூட்டினால் தோட்டா குழலின் நேருக்கு வராமலே வெடிக்கும். நின்ற ஹாமரைக் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளினால் விழக் கூடாது. விழுந்தால் அதைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே தெரியும் ஒளிக்கீற்று முடி அளவு இருந்தால் போதும். அகலமாக இருந்தால் சூடான வாயுவும் ஈயத் துகளும் பக்கவாட்டில் சீறும். பிரபல் போலப் பக்கவாட்டில் திறக்கும் சிலிண்டரை, சினிமா நாயகன் மாதிரி மணிக்கட்டை உதறி மூடாதீர்கள். சிலிண்டரைத் தாங்கும் உலோகக் கை வளைந்துவிடும். பழைய ரிவால்வரை அப்படி மூடிக் காட்டும் விற்பனையாளரிடம் அந்த ரிவால்வரை வாங்கவே வாங்காதீர்கள்.

நம் ஊர்க் காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சென்னை, நாகை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் கருநீலப் பூச்சு மட்டும் உள்ள எஃகு ஒரு மழைக்காலத்திலேயே புள்ளி புள்ளியாகத் துருப்பிடிக்கும். பலர் ரிவால்வரைத் தோல் உறையில் போட்டுப் பீரோவில் வைக்கிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்புக்கு அதைவிடக் கேடு இல்லை. எண்ணெய் தொட்ட பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பைகளோடு வைப்பதே சரி. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க நேரலாம். கொடுக்கும் முன் நன்றாகத் துடைத்து எண்ணெய் பூசுங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், திரும்ப வாங்கிய அன்றே குழலைச் சுத்தம் செய்யுங்கள்.

சுடும் தளத்தில் தோட்டா வெடிக்காமல் போனால் உடனே திறக்கக் கூடாது. தாமதித்தும் வெடிக்கலாம். இலக்கை நோக்கியே அரை நிமிடம் பிடித்திருந்து பிறகு திறங்கள். 2016 ஆயுத விதிகள் கேட்கும் அடிப்படைப் பயிற்சியை வெறும் சான்றிதழுக்காக முடித்துக்கொள்ளாமல், அருகிலுள்ள ரைபிள் கிளப்பில் தொடர்ந்து பழகினால் இந்தப் பழக்கங்கள் கையோடு ஒட்டும்.

புதிதாக வாங்குபவருக்கு என் தேர்வு பிரபல். கட்டுமானம் உறுதி, கையில் நன்றாக உட்காருகிறது, பராமரிப்பும் எளிது. மேலே சொன்ன சோதனைகளில் தேறிய மார்க்-3 நியாயமான விலைக்குக் கிடைத்தால் இரண்டாவது இடம் அதற்கு. நிர்பீக், எடை ஒன்றே பெரிய தடையாக இருப்பவர்களுக்கு மட்டும்.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், சுவரில் போல்ட் போட்டுப் பதித்த இரும்புப் பெட்டகமும், தோட்டாவுக்குத் தனிப் பூட்டுப் பெட்டியும் தயாரான பிறகே கடைக்குப் போங்கள். இரண்டு சாவிகளும் உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம் மட்டுமே இருக்க வேண்டும்.