சட்டியும் அகப்பையும்

"சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இதற்குப் புதியதொரு பொருளை இப்பொழுது பலர் மேடைகளிலும் ஏடுகளிலும் உரைத்து வருகின்றனர். சட்டி என்பது சமையற் பாத்திரமன்று, கந்தசஷ்டியாம். அகப்பை என்பது அடுக்களைக் கருவியன்று, கருப்பையாம். சஷ்டியில் நோன்பிருந்தால் மகப்பேறு வாய்க்கும் என்பதே உண்மைப் பொருளாம். இவ்விளக்கம் வகுப்பறைக்குள்ளும் நுழைந்துவிட்டமையால், இதனை ஆராயாது விடுதல் நமக்குத் தகாது.

நோன்பு நோற்பாரின் நம்பிக்கையோடு நமக்கு வழக்கில்லை. சஷ்டி தமிழிற் சட்டியாகும் என்பதும் உண்மையே. ஆனால் ஒரு சொல் வேறொன்றைப் போல் ஒலிக்கிறது என்பது, மக்கள் அதனை அப்பொருளில் வழங்கினர் என்பதற்குச் சான்றாகாது. பேச்சு வழக்கில் அகப்பை என்றால் உணவை அள்ளும் கருவியே. இக்கருவியை அறிந்தோர்க்கு ஐயமே எழாது.

வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவற்குடா போன்ற மணற்பாங்கான ஊர்களில் தென்னை வீட்டு மரம். உடைத்த தேங்காயின் கண்ணில்லாத பாதிச் சிரட்டையை எடுத்து, புறத்திலுள்ள தும்பைக் கத்தியாற் சுரண்டி, கண்ணாடித் துண்டால் மழுக்கி, விளிம்பின் கீழே இரு துளையிட்டு, சீவிய மரக்காம்பைச் செருகினால் அகப்பை ஆயிற்று. ஆணி இல்லை, ஆதலால் துருவும் இல்லை. காம்பு எளிதிற் சூடேறாது. மட்சட்டியின் அடியை அது கீறாது. துளை பெரிதானாற் காம்பு ஆடும். சிறிதானாற் சிரட்டை வெடிக்கும். இந்த அளவைக் கையே அறியும். அக்கைக்கு உரியவரின் பெயரை எந்த ஏடும் எழுதி வைக்கவில்லை.

எழுதியோர் அகப்பையை எவ்வாறு கண்டனர்? அறவுரையை மதியாத பேதையை, பாற்கூழின் சுவை உணராத அகப்பைக்கு ஒப்பிடுகிறது நாலடியார். சிவவாக்கியரும் சட்டுவம் கறிச்சுவை அறியாது என்ற உவமையைக் கையாள்கிறார். ஆனால் அவர் அதனைக் கல்வழிபாட்டைச் சாடும் ஆயுதமாக்கினார். நோக்கம் வேறாயினும் இருவரிடத்தும் அகப்பை உணர்வற்ற பொருளே. அதனைச் செய்தவரும் பிடித்தவரும் அங்கே இல்லை. பழமொழியிலோ அவர்கள் இருக்கின்றனர். "இடுகிறவள் தன்னவளானால் கடைப்பந்தியில் இருந்தால் என்ன?" என்று கேட்டவர்கள், பந்தியிலே நிகழும் ஓரவஞ்சனையைக் கண்ணாற் கண்டவர்கள். பசியையும் பங்கீட்டையும் பேசிய அம்மக்களின் வாயிலிருந்து வந்ததே சட்டிப் பழமொழியும்.

புதிய விளக்கம் இப்பசியைத் துடைத்து விடுகிறது. அதன் இடத்தில் வேறொரு சுமையை ஏற்றுகிறது. நோன்பிருந்தால் பிள்ளை உண்டு என்றால், பிள்ளையில்லாதவள் நோன்பிற் குறை வைத்தவள் என்றாகிறது. அடுக்களையில் வெந்தவள் மீதே இப்பழியும் விழுகின்றது.

ஆயினும், பழைய பொருளை மீட்பதோடு நம் பணி முடிந்துவிடாது. இல்லாததை அள்ள முடியாது என்று கூறிப் பழமொழி நின்றுவிடுகிறது. சட்டி ஏன் வெறுமையாயிற்று என்று அது கேட்பதில்லை. 1978 நவம்பர் 23இல் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் தென்னைகளைப் பெருமளவிற் சாய்த்தது. அது இயற்கையின் செயல். ஆனால் 2021இல் இரசாயன உரத்துக்குத் திடீரெனத் தடை விதித்து நெல் விளைச்சலை வீழ்த்தியது இயற்கையன்று. 2022இல் இலங்கையின் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைக் கடந்ததும், எரிவாயு கிட்டாது வீடுகள் விறகடுப்புக்குத் திரும்பியதும் எவருடைய நோன்பின் குறையாலும் நேர்ந்தவையல்ல. நெல் விளையும் மாவட்டத்திலேயே உலை கொதிக்காத வீடுகள் இருந்தன. அவற்றைப் பார்த்துச் 'சட்டியில் இருந்தால் வரும்' என்று மட்டும் சொல்வது, வறுமையை விதியென ஒப்புக்கொள்வதாகும்.

ஆதலின் ஆசிரியத் தோழர்கள் இப்பழமொழியைக் கற்பிக்கும்போது, வகுப்பிலே ஓர் அகப்பையை வைத்துக் கற்பிப்பார்களாக. அதைச் செய்தவர் யார், அது என்ன விலைக்குப் போயிற்று, அவர் வீட்டுச் சட்டியில் அன்று என்ன இருந்தது என்று மாணவர் கேட்கட்டும். இலக்கியத் திறனாய்வு அக்கேள்விகளிலிருந்து தொடங்கலாம்.