தேடுபொறிக்கென ஒரு தனிப்படி: கூகுளின் 2009ஆம் ஆண்டு முன்மொழிவு – ஒரு மதிப்பீடு

முன்னுரை

ஜாவாஸ்கிரிப்டை மிகுதியாகச் சார்ந்த பல வலைத்தளங்களில் வழங்கி முதலில் அனுப்புவது உரையற்ற சட்டகமே. உலாவி நிரலை இயக்கிய பின்னரே உள்ளடக்கம் தோன்றும். நிரலை இயக்காத தேடுபொறிக்கு அப்பக்கம் வெற்றுப்பக்கம். இச்சிக்கலுக்குக் கூகுள் 2009இல் முன்மொழிந்த தீர்வை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

முன்மொழிவும் குறையும்

முகவரியில் # குறிக்குப் பின்வரும் பகுதியை உலாவி வழங்கிக்கு அனுப்புவதில்லை. எனவே அப்பகுதியால் மட்டும் வேறுபடும் பக்கங்கள் யாவும் வழங்கிக்கு ஒன்றே. கூகுளின் திட்டப்படி தளத்தார் #! என்னும் குறியை இடவேண்டும். தேடுபொறி அதன் பின்னுள்ளதை வினவலாக மாற்றிக் கேட்கும். வழங்கி நிரலற்ற படியொன்றை அளிக்கும். இதனால் மனிதருக்கு ஒரு படியும் பொறிக்கு வேறொரு படியும் உருவாயின. இரண்டிற்குமிடையே பாடவேறுபாடு நேராமல் காப்பது தளத்தாரின் பொறுப்பாயிற்று.

ட்விட்டர் 2010இல் #! முகவரிகளை ஏற்று, 2012இல் அவற்றிலிருந்து விலகத் தொடங்கியது. பக்கத்தை வழங்கியிலேயே உருவாக்கியதால் அது தோன்றும் நேரம் ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்ததென அந்நிறுவனம் அறிவித்தது. பொறிக்கு ஏற்ற முறை மனிதருக்கும் ஏற்றதென்பதை இது காட்டுகிறது. ஆயினும் பழைய முகவரிகளை வழங்கியால் இனங்காண இயலாது. அவற்றை மேற்கோள் காட்டியோருக்காக, வழிமாற்றும் நிரலைத் தொடர்ந்து பேணவேண்டும். 2015இல் கூகுளும் தன் பரிந்துரையை விலக்கிக்கொண்டது.

இன்றைய நிலை

கூகுளின் தேடுநிரல் இன்று ஜாவாஸ்கிரிப்டை இயக்குகிறது. 2019 முதல் அண்மைக் குரோமியம் பதிப்பையே பயன்படுத்துகிறது. ஆகவே சிக்கல் தீர்ந்தது எனக் கருத இடமுண்டு. ஆனால் நிரலை இயக்கும் பணி வரிசையில் காத்திருந்தே நிகழ்கிறது. பொத்தானை அழுத்தினால் மட்டுமே வரும் உரையை அத்தேடுநிரல் காண்பதில்லை. மேலும், எல்லாத் தேடுபொறிகளுக்கும் இவ்வாற்றல் ஒரே அளவில் இல்லை.

முடிவுரை

ஒவ்வோர் உள்ளடக்கத்திற்கும் # குறியைச் சாராத தனிமுகவரி, முதல் மறுமொழியிலேயே முழு உரை, இயல்பான இணைப்புகள் ஆகிய மூன்றும் அமைந்தால் பொறிக்கெனத் தனிப்படி வேண்டியதில்லை. நிரல் அதன்மேல் வசதிகளைச் சேர்க்கலாம். தமிழ் மின்னூலகங்களுக்கும் ஆய்விதழ்களுக்கும் இது பொருந்தும். உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை முடக்கிய பின்னும் கட்டுரை படிக்கக் கிடைக்கிறதா என்பதே எளிய முதற்சோதனை. அதில் தேறாத இதழின் கட்டுரைகள், வெளியான பின்னும் ஆய்வாளர் தேடலில் அகப்படாமல் போகக்கூடும்.